நீல வாயிலைத் தீட்டிய கை

வேதாகம வகுப்பில் பாபிலோன் என்னும் பெயரைக் கேளாத மாணவி நம் பள்ளியில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். எருசலேம் ஆலயத்தைத் தீக்கிரையாக்கி யூத மக்களைச் சிறைபிடித்துச் சென்ற நெபுகத்னேசர் அரசனின் தலைநகரம் அது. எரிகிற சூளையில் இளைஞர் மூவர் தூக்கி எறியப்பட்டதும், தானியேல் சிங்கக் குகையில் தள்ளப்பட்டதும் அந்த நாட்டில்தான். ஆற்றங்கரையில் அமர்ந்து, பிறந்த மண்ணை நினைத்து அழுத அடிமைகளின் துயரத்தைத் திருப்பாடல் ஒன்று இன்றும் நமக்கு எடுத்துச் சொல்கிறது.

அந்த நகரத்தின் வடபுறத்தில் ஒரு வாயில் இருந்தது. இஷ்தார் என்னும் தேவதையின் பெயரைத் தாங்கிய அவ்வாயில் முழுவதும் நீல நிறச் செங்கற்களால் மூடப்பட்டிருந்தது. அந்த நீலத்தின்மேல் வெண்மையும் மஞ்சளுமாக எருதுகளும் வினோதமான நாகமிருகங்களும் வரிசை வரிசையாகப் புடைத்து நின்றன. சிறைப்பட்ட மக்களின் பிள்ளைகள் அதனைக் கண்ணால் கண்டிருக்கக் கூடும்.

இன்று அந்த வாயில் பாபிலோனில் இல்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஜெர்மனியின் பெர்லின் நகரத்து அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு கோட்டைவாயில் எப்படி இடம்பெயர்ந்தது? தூள்தூளாய்க் கிடந்த செங்கல் எவ்வாறு மறுபடியும் சுவராயிற்று? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் ஒரு மனிதரின் வாழ்க்கை நம் முன் விரிகிறது. அவர் பெயர் வால்டர் ஆண்ட்ரே. கட்டடக் கலைஞர், அகழ்வாராய்ச்சியாளர், ஓவியர் என்னும் மூன்று திறமைகளும் ஒருவரிடத்தில் கூடிய அபூர்வ மனிதர் அவர். அந்த வாயில் செங்கல்லில் மறுபடி எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் வண்ணங்கள் அவருடைய தூரிகையால் தாளில் எழுந்துவிட்டன.

இளமைப் பருவம்

வால்டர் ஆண்ட்ரே 1875-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஜெர்மனியில் லைப்சிக் நகரை அடுத்த ஆங்கர் என்னும் ஊரில் பிறந்தார். கிரிம்மா என்ற ஊரிலிருந்த பழம்பெரும் பள்ளியில் கல்வி கற்று, பின்னர் டிரெஸ்டன் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக் கலை பயின்றார். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்து, சொந்த நாட்டிலேயே அமைதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் இறைவன் அவருக்கு வேறொரு வேலையை வைத்திருந்தார்.

1898-ஆம் ஆண்டு பெர்லினில் ஜெர்மன் கீழ்த்திசைக் கழகம் தொடங்கப்பட்டது. பாபிலோனைத் தோண்டி ஆராய வேண்டும் என்பது அக்கழகத்தின் முதல் திட்டம். ரோபர்ட் கோல்டவை என்னும் கட்டடக் கலைஞர் அதற்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். தம்முடன் வர ஓர் உதவியாளர் அவருக்குத் தேவைப்பட்டார். கட்டடங்களைப் புரிந்துகொள்பவராகவும் நன்றாக வரையத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு ஆண்ட்ரேக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23. ஆப்பெழுத்தைப் படிக்க அவர் அதுவரை கற்றவரல்லர். கையில் பென்சிலும் வண்ணப்பெட்டியும், மனத்தில் ஆர்வமும் மட்டுமே அவருடைய மூலதனம்.

பாபிலோன் மேடுகளில்

1899-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் பாபிலோனில் மண்வெட்டி விழுந்தது. பாக்தாத் நகருக்குத் தெற்கே, யூப்ரத்தீஸ் நதியோரம், பார்த்த இடமெல்லாம் மண்மேடுகள். முன்பு இருமுறை அவ்விடத்தைப் பார்வையிட்டபோது நிறம் மங்காத மெருகுச் செங்கல் துண்டுகளைக் கோல்டவை கண்டிருந்தார். அவற்றின் நீல நிறமே அவரை மீண்டும் அங்கே இழுத்து வந்தது.

ஏறத்தாழ 200 முதல் 250 தொழிலாளர் அன்றாடம் வேலை செய்தனர். அவர்கள் அந்த வட்டாரத்து அராபிய மக்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் பணி நிற்கவில்லை. மண்ணை அகற்ற அகற்ற ஓர் அகன்ற வீதி வெளிப்பட்டது. புத்தாண்டு விழாவில் தெய்வச் சிலைகள் ஊர்வலமாகச் சென்ற வீதி அது. அதன் இருபுறச் சுவர்களிலும் பக்கத்திற்கு 60 ஆக மொத்தம் 120 சிங்கங்கள் நடைபோட்டிருந்தன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தவை சிங்கங்கள் அல்ல, நொறுங்கிய துண்டுகள்தாம்.

இங்கே நாம் சற்று நின்று, அந்தச் சிங்கங்கள் எவ்விதம் செய்யப்பட்டன என்பதைப் பார்ப்போம். ஒரு சிங்கம் ஒரே கல்லில் செதுக்கப்பட்டதன்று. களிமண்ணை அச்சில் அழுத்தி, பல செங்கற்களாகப் பகுத்து, சூளையில் சுட்டு, மெருகு பூசி, மறுபடியும் சுட்டார்கள். ஒரு செங்கல்லில் பாதிக் கண், மற்றொன்றில் பிடரி மயிரின் ஒரு சுருள், இன்னொன்றில் நகத்தின் நுனி. எந்தச் செங்கல் எந்த இடத்தில் பொருந்த வேண்டும் என்று அறிய அக்காலக் கொத்தர்கள் சிறு சிறு குறிகளையும் இட்டு வைத்திருந்தனர். இப்படிப்பட்ட செங்கற்கள் உடைந்து, பல விலங்குகளின் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், அவற்றிலிருந்து ஒரு சிங்கத்தை மீட்பது எத்துணைக் கடினம்!

ஆண்ட்ரேயின் ஓவியக் கண் அங்கேதான் பயன்பட்டது. துண்டுகளை நிறவாரியாகவும் வடிவவாரியாகவும் பிரித்து, அளந்து, வரைந்து, காணாமற்போன பகுதியை மற்றொரு சிங்கத்தின் துண்டிலிருந்து அறிந்து, முழு உருவத்தை நீர்வண்ணத்தில் தீட்டினார்கள். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. சிங்கங்களில் சில வெள்ளை உடலும் மஞ்சள் பிடரியும் கொண்டவை. வேறு சில மஞ்சள் உடலும் பச்சைப் பிடரியும் உடையனவாகத் தோன்றின. சிங்கத்திற்குப் பச்சைப் பிடரி உண்டா? மண்ணுக்கடியில் நீண்ட காலம் கிடந்ததால் சிவப்பு மெருகு சிதைந்து பச்சையாக மாறியிருந்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். ஆகையால் கண்ணால் கண்டதை அப்படியே வரைந்தால் போதாது. காலம் என்ன செய்தது என்பதையும் அறிந்து வரைய வேண்டும். ஓவியம் அங்கே அழகுக்காக மட்டும் தீட்டப்பட்டதன்று. அது ஓர் ஆராய்ச்சி, ஒரு சாட்சியம்.

1902-ஆம் ஆண்டு வாயிலே வெளிப்பட்டது. அதன் அடிப்பகுதி நிலத்துக்குள் வெகு ஆழம் வரை சென்றது. வீதியின் மட்டம் உயர உயர அரசன் வாயிலையும் உயர்த்திக் கட்டியிருந்தான். பழைய பகுதிகள் மண்ணுக்குள் புதைந்து பாதுகாக்கப்பட்டன. அங்கே மெருகு இல்லாத வெறும் செங்கல்லில் எருதுகளும் நாகமிருகங்களும் நின்றிருந்தன. மேற்பகுதியில் இருந்த நீல மெருகுச் சுவரோ இடிந்து, துண்டுகளாய்ச் சரிந்து கிடந்தது.

அந்த நாகமிருகத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. பாம்பின் தலை, அதன்மேல் கொம்பு, செதில் மூடிய உடல், சிங்கத்தின் முன்னங்கால், கழுகின் பின்னங்கால், தேளின் கொடுக்கு ஆகியவை சேர்ந்த உருவம் அது. மார்தூக் என்னும் பாபிலோனியத் தெய்வத்தின் விலங்கு. நம் கத்தோலிக்க வேதாகமத்தில் தானியேல் ஆகமத்தின் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாபிலோனியர் வணங்கிய நாகத்தைத் தானியேல் வாளும் தடியுமின்றி அழித்த வரலாறு அங்கே இருக்கிறது. அம்மக்கள் எதைக் கண்டு நடுங்கினார்கள் என்பதை ஆண்ட்ரே வாழ்ந்த காலத்தில்தான் உலகம் மீண்டும் வண்ணத்தில் கண்டது.

அசூர் நகரத்துப் பதினோராண்டுகள்

ஆண்ட்ரேயின் திறமையைக் கண்ட கழகத்தார் 1903-ஆம் ஆண்டு அவரை டைக்ரிஸ் நதிக்கரையிலுள்ள அசூர் நகருக்குத் தலைவராக அனுப்பினர். அசீரியப் பேரரசின் பழந்தலைநகரம் அது. அப்போது அவருக்கு 28 வயது. 1914 வரை, பதினோராண்டுகள் அங்கே உழைத்தார்.

அக்காலத்தில் அகழ்வாராய்ச்சி என்றால் சிலையும் தங்கமும் தேடுவது என்றே பலர் எண்ணினர். ஆண்ட்ரே அவ்வாறு எண்ணவில்லை. வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லுக்கும் அதை மூடியிருக்கும் மண்ணுக்கும் நிறத்தில் வேற்றுமை மிகச் சிறிது. அதைப் பொறுமையாகப் பிரித்தறிந்து, ஒரு கோயிலின் அடியில் அதனினும் பழைய கோயில், அதன் அடியில் இன்னும் பழைய கோயில் என்று அடுக்கடுக்காக இறங்கினார். ஒவ்வோர் அடுக்கையும் அளந்து எழுதி வைத்த பின்னரே அடுத்ததைத் தொட்டார். அவரிடம் வேலை கற்ற ஷெர்காத் ஊர்த் தொழிலாளர் பிற்காலத்தில் ஈராக் முழுவதும் நடந்த அகழ்வுகளில் திறமைமிக்க கைகளாக மதிக்கப்பட்டனர். பெயர் பெற்றவர் ஒருவரின் வெற்றிக்குப் பின்னால் பெயர் எழுதப்படாத எத்தனையோ கைகள் இருப்பதை நாம் மறக்கலாகாது.

ஓய்வு நேரத்தில் அவர் சும்மா இருந்ததில்லை. நதியின் வளைவு, மண்வீடுகள், பாலைவனத்து வானம், இடிந்த கோபுரங்கள் என்று கண்ட காட்சிகளை எல்லாம் தீட்டினார். அந்தக் கீழ்த்திசை ஓவியங்கள் அவர் காலத்துக்குப் பின்னர் ஒரு நூலாகவே தொகுக்கப்பட்டன. 1908-இல் பெர்லின் அரச நாடக அரங்கில் அசீரிய அரசன் சர்தனபாலைப் பற்றிய நாடகம் நடந்தபோது, மேடைக் காட்சிகளை வரையும் பொறுப்பும் அவரிடமே தரப்பட்டது.

போரும் பெட்டிகளும்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. அகழ்வுகள் தடைப்பட்டன. பாபிலோனில் மட்டும் கோல்டவை தொடர்ந்து இருந்தார். 1917-இல் ஆங்கிலப் படை பாக்தாத்தை நெருங்கியதும் அவரும் வெளியேற நேர்ந்தது. நீலச் செங்கல் துண்டுகளில் ஒரு பகுதி முன்பே பெர்லின் வந்திருந்தது. எஞ்சிய பெட்டிகள் நூற்றுக்கணக்கில் பாபிலோனிலேயே தங்கிவிட்டன. அசூரில் கிடைத்த பொருள்களின் கதியும் அதுவே. அவற்றை ஏற்றி வந்த கப்பல் போர்ச்சுகல் நாட்டில் தடுத்து வைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு உழைப்பு, எட்டாத கரையில் கிடந்தது.

1925 பிப்ரவரி 4-ஆம் நாள் கோல்டவை பெர்லினில் காலமானார். தம் வாழ்நாளில் 18 ஆண்டுகளைப் பாபிலோனுக்குக் கொடுத்த அம்மனிதர், தாம் கண்டெடுத்த வாயில் எழுந்து நிற்பதைக் காணவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர் என்பது எத்தனையோ நற்பணிகளின் கதை. ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் தொடங்கினார்.

அப்போது ஈராக்கில் தொல்பொருள் துறையைக் கவனித்து வந்தவர் கெர்ட்ரூட் பெல் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. பாலைவனத்தில் நெடும்பயணம் செய்தவர், பாக்தாத் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர். போருக்கு முன் அசூருக்கு வந்து ஆண்ட்ரேயின் வேலையைக் கண்டு வியந்து, அவருக்கு நண்பரானவர். இரு நாடுகளும் பின்னர் ஒன்றையொன்று எதிர்த்துப் போர் புரிந்தும் அந்த மதிப்பு அழியவில்லை. 1926-ஆம் ஆண்டு ஆண்ட்ரே ஈராக் சென்றார். பேச்சு நடந்தது. ஈராக்கிற்கு உரிய பங்கு பிரிக்கப்பட்டு, மற்றப் பெட்டிகளைக் கொண்டுசெல்ல அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் பெல் அம்மையார் மறைந்தார்.

துண்டுகள் சுவராயின

1927-இல் பெட்டிகள் பெர்லின் வந்து சேர்ந்தன. அவற்றை உடனே ஒட்டிவிட முடியவில்லை. நெடுங்காலம் மண்ணில் கிடந்த செங்கல்லில் உப்பு ஊறியிருந்தது. உப்பு வெளிப்பட்டால் மெருகு உரிந்து விழும். ஆகவே துண்டுகளை நீர்த்தொட்டிகளில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை நீக்கினர். பிறகு நீண்ட மேசைகளில் பரப்பி, கண் கண்ணோடும், கொம்பு கொம்போடும், செதில் செதிலோடும் பல்லாயிரம் துண்டுகளைப் பொருத்தினர். விலங்குகளின் உருவங்கள் பெரும்பாலும் பழைய துண்டுகளால் ஆனவை. இடையிலுள்ள நீலப் பரப்புக்குப் போதிய செங்கல் இல்லாததால், பழைய நிறத்துக்கு ஒத்த புதிய செங்கற்கள் சுடப்பட்டன. வண்ணம் பொருந்தும்வரை மறுபடி மறுபடி சூளை எரிந்தது.

1928-ஆம் ஆண்டு ஆண்ட்ரே அருங்காட்சியகத்தின் மேற்காசியப் பிரிவுக்கு இயக்குநரானார். 1930-ஆம் ஆண்டு வாயில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 14 மீட்டருக்கும் அதிகமான உயரம்! ஆயினும் இது இரட்டை வாயிலின் முன்பகுதி மட்டுமே. பின்பகுதி இதனினும் பெரிது, கூரைக்குள் அடங்காது. 20 மீட்டருக்கும் மேல் அகன்றிருந்த ஊர்வல வீதியும் மண்டபத்துள் 8 மீட்டராகக் குறுகிற்று. இளமையில் பாபிலோனில் தூரிகையால் கூட்டிய நிறங்களை, ஆண்ட்ரே தம் 55-ஆம் வயதில் செங்கல்லாகவே நிமிர்ந்து பார்த்தார்.

இப்பணியில் அவருடைய தங்கைக்கும் பங்குண்டு. எலிசபெத் ஆண்ட்ரே 1876-இல் பிறந்தவர்; டிரெஸ்டனில் வாழ்ந்த இயற்கைக் காட்சி ஓவியர். அண்ணனின் வரைபடங்களைக் கொண்டு, பாபிலோனும் அசூரும் தோன்றிய விதத்தை அருங்காட்சியகச் சுவர்களுக்கென்று பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். வாயிலைக் காண வருவோர் தங்கையின் படங்களையும் கண்டு சென்றனர். ஆனால் பெயரைக் கேட்டறிந்தவர் சிலரே. மாணவிகளாகிய நாமாவது அப்பெயரை நினைவில் வைப்போம்.

இறுதிக் காலம்

இரண்டாம் உலகப்போரில் பெர்லின் குண்டுமழையில் சிதைந்தது. எடுத்துச் செல்லக் கூடியவற்றை ஒளித்து வைக்கலாம். சுவரோடு கட்டப்பட்ட வாயிலை எங்கே கொண்டு செல்வது? நின்ற இடத்திலேயே நின்றது, தப்பியது. தங்கை எலிசபெத் 1945-இல் மறைந்தார். ஆண்ட்ரே 1951 வரை இயக்குநர் பொறுப்பில் இருந்தார். 1953-இல் அம்மண்டபங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 1956 ஜூலை 28-ஆம் நாள், 81-ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய வாழ்க்கை நினைவுகள் 1961-இல் நூலாக வெளிவந்தன.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

ஆண்ட்ரேயின் பொறுமையைப் புகழ்ந்து இக்கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பாபிலோனின் வாயில் பெர்லினில் நிற்பது முறையா?

அனுமதி பெற்றே கொண்டு சென்றார்கள் என்பது உண்மை. பாபிலோனில் அது எழுந்து நின்ற வாயிலாக இல்லை, உடைந்த துண்டுகளாகவே இருந்தது என்பதும், பொறுமையுள்ள கைகள் எடுத்திராவிட்டால் பல துண்டுகள் அழிந்திருக்கும் என்பதும் உண்மை. அதேவேளை, அனுமதி தந்த காலத்தில் ஈராக் ஆங்கிலேயரின் ஆதிக்கத்தில் இருந்தது. தன் வீட்டுப் பொருளைப் பற்றித் தானே முழு உரிமையோடு முடிவு செய்யும் நிலையில் அந்நாடு இருக்கவில்லை. அதனால் வாயிலைத் திரும்பத் தர வேண்டும் என்று ஈராக்கிலிருந்து குரல் எழுந்ததுண்டு. பாபிலோனுக்குச் செல்வோர் அங்கே அளவில் சிறிய ஒரு மாதிரி வாயிலைத்தான் காண்கின்றனர். ஆனால் நீல மெருகு இல்லாத அந்தப் பழைய அடிச்சுவர்கள், எருதும் நாகமிருகமும் தாங்கி, அதே மண்ணில் இன்றும் நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் பாபிலோனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெர்லின் அருங்காட்சியகமோ பழுதுபார்க்கும் பணிக்காக 2023-இல் மூடப்பட்டது. வாயில் உள்ள பகுதி திறக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் எருசலேம் மக்களைப் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்துச் சென்ற நகரம் அது. அந்நகரின் வாயிலே பின்னொரு நாள் பெட்டிகளில் அடைபட்டு அந்நிய நாடு சென்றது. இதில் தெய்வ நீதியைக் காண்பவர் இருக்கலாம். நமக்கோ, பிரிவின் துயரம் எவருக்கும் ஒன்றுதான் என்றே தோன்றுகிறது. யூத மக்களின் கண்ணீரைப் புரிந்துகொண்டவர்கள், தங்கள் முன்னோரின் வாயிலைக் காண வேற்று நாட்டின் அனுமதிச்சீட்டை எதிர்பார்க்க வேண்டிய ஈராக்கியச் சிறுமியின் மனத்தையும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்ட்ரே அந்த வாயிலை நேசித்தார் என்பதில் ஐயமில்லை. ஒரு பொருளை நேசிப்பதும், அது யாருக்கு உரியது என்று கேட்பதும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள். அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அவருடைய வண்ணப்பெட்டியில் இருக்கிறது. பச்சையாய்த் தெரிந்த பிடரியைக் கண்டு, அது முதலில் என்ன நிறமாய் இருந்திருக்கும் என்று கேட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். அன்புத் தோழியரே, வரலாற்றுப் பாடத்தைப் படிக்கும்போதும், அடுத்தவரின் செயலைத் தீர்ப்பிடும்போதும், நாமும் அப்படிக் கேட்கப் பழகுவோம். மேலே தெரியும் நிறத்தோடு நின்றுவிடாமல், அடியிலிருக்கும் உண்மையைப் பொறுமையோடு தேடுவோம். உடைந்து கிடப்பவற்றை ஒன்றுசேர்க்கும் கைகளை இறைவன் நமக்கும் அருள்வாராக.